எவ்வளவு என்பதைவிட எத்தனை முறை: பால்பற்கள் பற்றிப் பெற்றோர் கேள்விகள்

குழந்தைகளின் உணவையும் பற்களையும் பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கடிதங்களை ஒருசேரப் படித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. சர்க்கரை பல்லைக் கெடுக்கும் என்பதை அறியாத பெற்றோர் எவரும் இல்லை. ஆனால் அந்தச் சர்க்கரை எந்தெந்த உணவுகளின் வழியாகக் குழந்தையின் வாய்க்குள் போகிறது, ஒரு நாளில் எத்தனை முறை போகிறது, எந்த நேரத்தில் போகிறது என்பவற்றைப் பற்றி மிகச் சில கடிதங்களே பேசுகின்றன. பால்பற்கள் சொத்தையாவதும் ஆகாமல் இருப்பதும் பெரும்பாலும் இவற்றைப் பொறுத்தே அமைவதால், ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, சிலவற்றுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் மகளுக்கு இரண்டரை வயது ஆகிறது. மேல் முன்பற்கள் இரண்டில் பழுப்பு நிறம் தெரிகிறது. "விழுந்து முளைக்கப் போகிற பல்தானே, அதற்கு எதற்கு வைத்தியம்?" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். காத்திருக்கலாமா, டாக்டர்?
(ஒரு தாய்)

பதில்: காத்திருக்க வேண்டாம். பால்பற்கள் விழத்தான் போகின்றன. ஆனால் எப்போது விழுகின்றன என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் பால்பல் ஏறத்தாழ 6 மாதத்தில் முளைக்கிறது. இரண்டரை வயதிலிருந்து 3 வயதுக்குள் 20 பற்களும் வந்துவிடுகின்றன. முன்பற்கள் 6, 7 வயதில் விழத் தொடங்கினாலும், பின்னால் இருக்கும் கடைவாய்ப் பால்பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. உங்கள் மகள் இன்னும் ஏழெட்டு ஆண்டுகளுக்கு மேல் அவற்றைக் கொண்டுதான் மென்று சாப்பிட வேண்டும்.

பால்பல்லின் மேற்பூச்சான எனாமல், நிரந்தரப் பல்லின் எனாமலில் ஏறக்குறையப் பாதித் தடிமனே உடையது. உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் இருக்கும் பகுதியோ, பல்லின் அளவோடு ஒப்பிட்டால் பெரியது. அதனால் பெரியவர்களின் பல்லில் ஆண்டுக்கணக்கில் மெல்ல நகரும் சொத்தை, குழந்தையின் பல்லில் சில மாதங்களிலேயே நரம்பை எட்டிவிடக்கூடும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத வயதில் அந்த வலி வேறு விதங்களில் வெளிப்படும்: ஒரு பக்கமாகவே மெல்லுதல், கெட்டியான உணவை ஒதுக்குதல், வாயில் வைத்த கவளத்தை விழுங்காமல் அப்படியே அடக்கிக்கொள்ளுதல், இரவில் அழுதபடி விழித்தல். சாப்பிட அடம்பிடிக்கிறாள் என்று அழைத்து வரப்படும் குழந்தைகளுள் சிலருக்குப் பசி நன்றாகவே இருக்கும்; மெல்லும்போது வலிப்பதுதான் காரணமாக இருக்கும்.

நிரந்தரப் பற்கள் பால்பற்களின் வேர்களுக்கு அருகிலேயே, தாடை எலும்புக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. பால்பல்லின் வேர்நுனியில் சீழ் பிடித்து நாள்பட்டால், அதனடியில் வளரும் நிரந்தரப் பல்லின் எனாமலில் குறை ஏற்படலாம். சொத்தையால் கடைவாய்ப் பால்பல்லை முன்கூட்டியே எடுக்க நேர்ந்தால், பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளியை நோக்கிச் சாய்ந்து, பின்னால் வரவேண்டிய பல்லுக்கு இடமில்லாமல் செய்துவிடும். பால்பற்களில் சொத்தை இருந்த குழந்தைகளுக்கு நிரந்தரப் பற்களிலும் சொத்தை வரும் வாய்ப்பு கூடுதல் என்பதும் தெரிந்ததே, ஏனெனில் பல் விழுந்தாலும் உணவுப் பழக்கமும் வாயிலுள்ள கிருமிகளும் அப்படியே தொடர்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை, உலகெங்கும் ஏறத்தாழ 51.4 கோடிக் குழந்தைகளுக்குப் பால்பற்களில் சொத்தை இருப்பதாக மதிப்பிடுகிறது. இத்தனை குழந்தைகளைப் பாதிக்கும் ஒன்றை, விழப்போகிற பல் என்று ஒதுக்குவது எனக்கு வருத்தம் தருகிறது.

உங்கள் மகளின் பற்களில் தெரியும் பழுப்பு, வெறும் கறையாகவும் இருக்கலாம், சொத்தையாகவும் இருக்கலாம். நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆரம்ப நிலை என்றால், பல்லைக் குடையாமலேயே நிறுத்துவதற்கு வழிகள் உண்டு.

கேள்வி: மகனுக்கு மிட்டாயோ சாக்லேட்டோ நாங்கள் கொடுப்பதே இல்லை. காலையில் சர்க்கரை சேர்த்த பால், உணவுக்கு இடையில் பிஸ்கட், உலர்திராட்சை, பகல் முழுவதும் மூடியுள்ள உறிஞ்சு குவளையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழச்சாறு, இவ்வளவுதான். இருந்தும் 3 வயதில் 6 பற்கள் சொத்தை என்கிறார் மருத்துவர். இது எப்படி நேர்ந்தது?
(ஒரு தந்தை)

பதில்: உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது, பட்டியலை இப்படி வரிசையாக எழுதி அனுப்பியதற்கு நன்றி. இதைப் படிக்கும் பலர் தங்கள் வீட்டுப் பட்டியலையும் இதில் அடையாளம் காண்பார்கள்.

பல்லின் மேல் படியும் மெல்லிய படலத்தில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற சில, சர்க்கரை கிடைத்த சில நிமிடங்களுக்குள் அதை நொதிக்கச் செய்து அமிலமாக மாற்றுகின்றன. அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது, எனாமலில் இருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்குகின்றன. பிறகு உமிழ்நீர் மெல்ல மெல்ல அமிலத்தைத் தணித்து, கரைந்துபோன தாதுக்களில் ஒரு பகுதியை மீண்டும் பல்லிலேயே சேர்க்கிறது. இதற்கு ஏறத்தாழ அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். இந்த இறக்கத்தையும் ஏற்றத்தையும் 1940களில் ஸ்டீபன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் அளந்து வரைபடமாகக் காட்டினார். பல் மருத்துவ மாணவர்கள் அதை இன்றும் அவர் பெயராலேயே படிக்கிறார்கள்.

இனி உங்கள் மகனின் குவளைக்கு வருவோம். அதில் 150 மில்லி பழச்சாறு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மதிய உணவோடு சேர்த்து ஒரே மூச்சில் அவன் அதைக் குடித்திருந்தால், அமிலம் ஒருமுறை உருவாகி, ஒருமுறை தணிந்திருக்கும். அதே 150 மில்லியை 9 மணிக்கு ஒரு வாய், 9.20க்கு ஒரு வாய், விளையாட்டுக்கு நடுவே 9.45க்கு இன்னொரு வாய் என்று நண்பகல் வரை உறிஞ்சினால், உமிழ்நீர் தன் வேலையை முடிப்பதற்குள் அடுத்த வாய் வந்துவிடுகிறது. மூன்று மணி நேரமும் பல் அமிலத்திலேயே இருக்கிறது. இரு முறைகளிலும் உள்ளே போன சர்க்கரை ஒரே அளவுதான். பல்லுக்கு நேர்ந்த கேடு ஒரே அளவானது அல்ல. நடுவில் ஒரு பிஸ்கட்டும் சில உலர்திராட்சைகளும் சேர்ந்தால், கடைவாய்ப் பற்களின் குழிகளில் அவை மாவாகவும் பசையாகவும் ஒட்டிக்கொண்டு, விழுங்கிய பிறகும் நெடுநேரம் கிருமிகளுக்குத் தீனியாகின்றன.

இது வெறும் கோட்பாடு அல்ல. ஸ்வீடனில் 1940களின் பிற்பகுதியில் வீபெஹோல்ம் என்னும் மனநலக் காப்பகத்தில் ஒரு நீண்ட ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் 1954இல் வெளியாயின. உணவோடு சேர்த்து உண்ட சர்க்கரையால் சொத்தை சிறிதளவே கூடியது. ஒட்டும் தன்மையுள்ள இனிப்புகளை உணவுக்கு இடையில் அடிக்கடி தின்றவர்களுக்கோ மிகக் கடுமையாகக் கூடியது. அறிவுவளர்ச்சி குன்றியவர்களின் சம்மதம் இல்லாமல், அவர்களுக்குச் சொத்தை வரவைத்தே அந்த ஆய்வு நடத்தப்பட்டது. அது பெரும் அநீதி என்பதையும் அந்த முடிவுகளைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

உங்கள் வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது குவளையில் இருக்கும் பானம். நடமாடும்போது கையில் இருக்கும் குவளையில் தண்ணீர் மட்டுமே இருக்கட்டும். மூன்று வேளை உணவு, நடுவில் குறித்த நேரத்தில் இரண்டு சிற்றுணவு, மற்ற நேரங்களில் வாய்க்கு ஓய்வு என்று பழக்குங்கள். பாலில் சேர்க்கும் சர்க்கரையை வாரத்துக்கு வாரம் குறைத்து நிறுத்திவிடலாம்; ஒரேயடியாக நிறுத்தினால் பாலையே மறுக்கும் குழந்தைகூட, மெல்லக் குறைக்கும்போது பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது. உலர்திராட்சையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், உணவோடு சேர்த்துக் கொடுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 14 மாதம். பால் பாட்டிலை வாயில் வைத்தால்தான் தூங்குகிறான். வெறும் பால்தான், சர்க்கரை சேர்ப்பதில்லை. இதனால் கெடுதல் உண்டா?

பதில்: உண்டு. பாலிலேயே லாக்டோஸ் என்னும் சர்க்கரை இருக்கிறது. பகலில், விழித்திருக்கும்போது, பால் பல்லுக்குக் கெடுதல் செய்யும் உணவு அன்று. அதிலுள்ள கால்சியமும் கேசீன் என்னும் புரதமும் பல்லுக்குத் துணை செய்கின்றன. தூக்கத்தில் நிலைமை மாறுகிறது. தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைகிறது, விழுங்குவதும் குறைகிறது. பாட்டிலின் காம்பு மேலண்ணத்தில் அழுந்தியிருக்க, பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கிறது. கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதாலும், நாக்கின் அடியில் உமிழ்நீர்ச் சுரப்பிகள் திறப்பதாலும் அவை தப்பித்துவிடுகின்றன. மேலே நான்கு பற்கள் கரைந்திருக்க, கீழே நான்கும் வெள்ளையாக இருக்கும் ஒரு குழந்தையைப் பார்த்தால், பால்பாட்டிலோடு தூங்கும் பழக்கம் உண்டா என்பதே எங்கள் முதல் கேள்வியாக இருக்கும்.

12 முதல் 18 மாதத்துக்குள் பாட்டிலை விட்டுத் திறந்த குவளைக்கு மாறுவது நல்லது. இரவுப் பாலை உட்கார்ந்த நிலையில் குடிக்கவைத்து, அதன் பிறகு பல்லைத் துலக்கிவிட்டுப் படுக்கவையுங்கள். பாட்டில் இல்லாமல் தூங்கவே மாட்டேன் என்றால், சில நாட்களுக்கு ஒருமுறை பாலின் அளவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் தண்ணீர் மட்டும் கொடுங்கள். (இந்த முறை ஒரு வயது கடந்து, பிற உணவுகளை நன்றாக உண்ணும் குழந்தைக்கு மட்டுமே பொருந்தும், அதற்குக் குறைந்த வயதில் பாலில் தண்ணீர் கலக்கவே கூடாது.) சில இரவுகள் அழுகை இருக்கும். அந்த இரவுகளில் வீட்டிலுள்ள மற்றவர்களும் தாயோடு ஒத்துழைக்க வேண்டும். பழக்கம் மாறாமல் போவதற்குப் பல வீடுகளில் காரணம், அவர் தனியாகப் போராடுவதே.

கேள்வி: ஒன்றரை வயதுவரை தாய்ப்பால் கொடுத்துவருகிறேன். பல் கெடும், நிறுத்திவிடு என்று உறவினர் ஒருவர் சொன்னார். மனம் கலங்கியிருக்கிறது.

பதில்: கலங்க வேண்டாம். முதல் 12 மாதங்களில் தாய்ப்பால் உண்ணும் குழந்தைகளுக்குச் சொத்தை குறைவாகவே காணப்படுகிறது. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவோடு 2 வயது வரையிலும் அதற்கு மேலும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஓராண்டுக்குப் பிறகு, அதிலும் இரவில் பலமுறை பால் குடித்தபடியே தூங்கும் குழந்தைகளுக்குச் சொத்தை கூடுதலாகக் காணப்படுவதை ஆய்வுகள் காட்டியிருப்பது உண்மைதான். ஆனால் அந்த வயதில் குழந்தை பிற இனிப்பு உணவுகளையும் உண்ணத் தொடங்கியிருக்கிறது. பல் துலக்கும் பழக்கமும் பல வீடுகளில் தொடங்கியிருக்காது. எது எந்த அளவுக்குக் காரணம் என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. ஆகவே தாய்ப்பாலை நிறுத்தும்படி நான் சொல்லமாட்டேன். காலையிலும் இரவிலும் துலக்கிவிடுங்கள்; பிற உணவுகளில் சர்க்கரையைத் தவிருங்கள்; குழந்தை தூங்கியதும் மெதுவாக விலக்கிவிடுங்கள். பகலில் வயிறு நிறைய உண்ணும் குழந்தைக்கு இரவுப் பாலின் தேவை தானாகவே குறைந்துவரும்.

கேள்வி: தேன், பழுப்புச் சர்க்கரை, வீட்டில் பிழிந்த பழச்சாறு ஆகியவை இயற்கையானவைதானே? அவையும் பல்லைக் கெடுக்குமா?

பதில்: கெடுக்கும். பல்லில் வாழும் கிருமிகளுக்கு எல்லாச் சர்க்கரையும் ஒன்றுதான். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உணவில் சேர்க்கப்படும் சர்க்கரையோடு தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றிலுள்ள சர்க்கரையையும் ஒரே வகையில் சேர்த்து, நாள்தோறும் உடலுக்குக் கிடைக்கும் ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் கீழே அது இருக்க வேண்டும் என்றும், 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மேலும் நல்லது என்றும் கூறியது. நாளொன்றுக்கு 1000 கலோரி தேவைப்படும் சிறு குழந்தைக்கு 5 சதவீதம் என்பது ஏறத்தாழ 12 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டிதான். 200 மில்லி ஆரஞ்சுச் சாற்றில் மட்டுமே ஏறத்தாழ 20 கிராம் சர்க்கரை இருக்கும்.

முழுப் பழத்தைக் கடித்து மென்று தின்னும்போது சர்க்கரை பழத்தின் திசுக்களுக்குள் அடங்கியிருக்கிறது. மெல்லுவதால் உமிழ்நீரும் பெருகுகிறது. பழச்சாறாகப் பிழியும்போது இந்த இரண்டு நன்மைகளும் போய்விடுகின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2017இல், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பழச்சாறே வேண்டாம் என்றும், 1 முதல் 3 வயது வரை நாளொன்றுக்கு 120 மில்லிக்கு மேல் போகக் கூடாது என்றும் அறிவுறுத்தியது. பழச்சாற்றின் இடத்தில் பழத்தையும் தண்ணீரையும் வைத்துவிட்டால் கணக்குப் பார்க்கும் வேலையே இல்லை.

தேனைப் பொறுத்தவரை பல்லைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுப்பதால், அதில் இருக்கக்கூடிய நுண்வித்துகள் குடலில் வளர்ந்து பொட்டுலிசம் என்னும் ஆபத்தான நோயை உண்டாக்கலாம். சூப்பானில் தேன் தடவி வாயில் வைப்பதை எந்த வயதிலும் செய்யாதீர்கள்.

கடையில் வாங்கும் குழந்தை உணவுகளின் உறையைத் திருப்பிப் படிக்கும் வழக்கத்தையும் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். சர்க்கரை சேர்க்கப்படவில்லை என்று முன்பக்கம் பெரிய எழுத்தில் இருக்கும். பின்பக்கத்திலோ செறிவூட்டிய பழச்சாறு, டெக்ஸ்ட்ரோஸ், மால்டோஸ், குளுக்கோஸ் பாகு ஆகிய பெயர்களில் ஏதேனும் ஒன்று இருக்கலாம். அவை எல்லாம் சர்க்கரையே. உறிஞ்சிக் குடிக்கும் பைகளில் வரும் பழக்கூழையும் கரண்டியால் ஊட்டுவதே நல்லது, ஏனெனில் பையோடு கொடுத்தால் குழந்தை அதை நெடுநேரம் வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருக்கும்.

கேள்வி: கர்ப்ப காலத்தில் நான் கால்சியம் மாத்திரை சரியாகச் சாப்பிடாததால்தான் குழந்தையின் பல் சொத்தையானது என்று என் மாமியார் வருத்தப்படுகிறார். இப்போது குழந்தைக்குக் கால்சியம் மருந்து கொடுத்தால் சரியாகுமா?

பதில்: சொத்தைக்கு அது நேரடிக் காரணம் அன்று, இந்தப் பழியை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை என்பதை அவரிடமும் சொல்லுங்கள். பால்பற்களின் எனாமல் கருவின் நான்காம் மாதம் அளவில் உருவாகத் தொடங்கி, பிறந்த பின் ஓராண்டுக்குள் முற்றுப்பெறுகிறது. அந்தக் காலத்தில் தாய்க்கோ குழந்தைக்கோ கடும் ஊட்டக்குறையோ நோயோ இருந்தாலும், குறைமாதத்தில் பிறந்தாலும் எனாமல் சற்றுக் குறையுள்ளதாக அமையலாம். அத்தகைய பல் அமிலத்துக்கு எளிதில் இடம் கொடுக்கும். அப்படிப்பட்ட பல்லிலும், சர்க்கரை இல்லாமல் சொத்தை வராது. முளைத்துவிட்ட பல்லின் எனாமலில் உயிரணுக்கள் இல்லை. விழுங்கும் கால்சியம் இரத்தத்தின் வழியாக அங்கே போய்ச் சேர்ந்து ஓட்டையை அடைக்காது. வளரும் எலும்புக்கும், தாடைக்குள் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பற்களுக்கும் கால்சியமும் வைட்டமின் டியும் தேவை. மருந்தாகக் கொடுக்க வேண்டுமா என்பதைக் குழந்தை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

கேள்வி: அடிக்கடி சளி பிடிப்பதால் சிரப் மருந்துகள் கொடுக்கிறோம். இரும்புச்சத்து சிரப் கொடுத்தபின் பல் கருத்துவிட்டது. இதுவும் சொத்தையா?

பதில்: இரும்புச்சத்து சிரப்பால் வரும் கருமை பெரும்பாலும் மேற்பரப்புக் கறைதான், பல் மருத்துவர் துப்புரவு செய்தால் போய்விடும். கவனிக்க வேண்டியது, மாதக்கணக்கில் கொடுக்கப்படும் இனிப்பான சிரப்புகளை. சர்க்கரை இல்லாத மாற்று மருந்து உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இல்லையென்றால், மருந்தை நிறுத்திவிடாமல், உணவு நேரத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கச் செய்யுங்கள். பல் துலக்கிய பின், படுக்கைக்குப் போகும்போது கொடுப்பதைத் தவிருங்கள். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் பயன்படுத்தும் குழந்தைகளும் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிக்க வேண்டும்.

கேள்வி: பேத்திக்கு ஊட்டும்போது சூடு பார்ப்பதற்காகக் கரண்டியை என் வாயில் வைத்துப் பார்ப்பேன். கிருமி பரவும் என்று மருமகள் தடுக்கிறாள். மேலும், சமர்த்தாக இருந்தால் ஒரு மிட்டாய் என்று சொல்லிப் பழக்கிவிட்டேன். அதையும் நிறுத்தச் சொல்கிறாள்.
(ஒரு பாட்டி)

பதில்: அம்மா, கரண்டி விஷயத்தில் உங்கள் மருமகள் சொல்வது சரி. சொத்தையை உண்டாக்கும் கிருமிகள் குழந்தை பிறக்கும்போது அதன் வாயில் இருப்பதில்லை. பெரும்பாலும் அதை வளர்ப்பவர்களின் உமிழ்நீர் வழியாகவே வந்து சேர்கின்றன. சூடு பார்க்க மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்தால் போதும். ஆயினும் கரண்டியைத் தவிர்ப்பதால் மட்டும் கிருமிகளை முற்றிலும் தடுத்துவிட முடியாது. ஒரே வீட்டில், முத்தமும் கொஞ்சலுமாக வளரும் குழந்தைக்கு அவை என்றேனும் வந்தே தீரும். வீட்டிலுள்ள பெரியவர்கள் தங்கள் சொத்தைப் பற்களுக்கு வைத்தியம் செய்துகொள்வதும், வந்த கிருமிக்குச் சர்க்கரை கிடைக்காமல் பார்ப்பதுமே கூடுதல் பயன் தரும்.

மிட்டாயைப் பரிசாக்குவதில் எனக்கு வேறொரு கவலையும் உண்டு. அன்புக்கும் ஆறுதலுக்கும் அடையாளம் இனிப்பு என்று மூன்று வயதில் மனத்தில் பதிந்தால், அந்தப் பழக்கத்தைப் பிற்காலத்தில் மாற்றுவது கடினம். கதை சொல்லுங்கள், சேர்ந்து விளையாடுங்கள். பாட்டியிடமிருந்து குழந்தை எதிர்பார்ப்பது அதைத்தான். விசேஷ நாட்களில் இனிப்புக் கொடுப்பதாக இருந்தால், சாப்பிட்டு முடித்த கையோடு ஒருமுறை கொடுத்து முடித்துவிடுங்கள். நெடுநேரம் சப்பும் மிட்டாயையும் பல்லில் ஒட்டும் மிட்டாயையும் அறவே விட்டுவிடலாம்.

கேள்வி: உணவைச் சரியாகக் கவனித்துக்கொண்டால் ஃப்ளோரைடு பேஸ்ட் அவசியமா? விழுங்கிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: இரண்டும் வேண்டும். உணவு, அமிலத் தாக்குதலின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. ஃப்ளோரைடு, கரைந்த எனாமல் மீண்டும் உறுதிப்பட உதவுகிறது. முதல் பல் முளைத்ததிலிருந்தே நாளொன்றுக்கு இருமுறை துலக்க வேண்டும். 3 வயது வரை ஓர் அரிசி மணி அளவும், 3 முதல் 6 வயது வரை ஒரு பட்டாணி அளவும் பேஸ்ட் போதும். பத்து லட்சத்தில் 1000 பங்கு ஃப்ளோரைடாவது அதில் இருக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. இந்த அளவில் சிறிது விழுங்கினாலும் அஞ்ச வேண்டியதில்லை. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் உள்ள இடங்களில் வசிப்பவர்கள் மட்டும் பல் மருத்துவரின் யோசனையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏழெட்டு வயது வரை பெரியவர்கள்தான் துலக்கிவிட வேண்டும். அதுவரை குழந்தையின் கைக்கு அந்தப் பக்குவம் வருவதில்லை.

கேள்வி: சொத்தை தொடங்குவதை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? எந்த வயதில் முதலில் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்?

பதில்: முதல் பல் முளைத்த 6 மாதத்துக்குள், எப்படியும் முதல் பிறந்தநாளுக்குள், ஒருமுறை காட்டிவிட வேண்டும். வலி வந்த பிறகு முதன்முதலாக வரும் குழந்தைக்குப் பல் மருத்துவர் என்றாலே அச்சம்தான் மனத்தில் நிற்கும்.

வீட்டில் மாதம் ஒருமுறை இப்படிப் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில், குழந்தையின் தலையை உங்கள் மடியில் சாய்த்துக்கொண்டு, மேலுதட்டை விரலால் மெதுவாக மேலே தூக்குங்கள். சுத்தமான மெல்லிய துணியால் முன்பற்களைத் துடைத்து ஈரத்தைப் போக்குங்கள்; ஈரமாக இருக்கும் பல்லில் ஆரம்ப அறிகுறி தெரியாது. ஈறும் பல்லும் சேரும் இடத்தை ஒட்டி, சுண்ணாம்பு தீற்றியதுபோல் மங்கலான, பளபளப்பில்லாத வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். எனாமல் தன் தாதுக்களை இழக்கத் தொடங்கியதன் அடையாளம் அது. அந்தக் கட்டத்தில் ஓட்டை விழுந்திருக்காது. உணவு நேரங்களைச் சீர்படுத்தி, மருத்துவர் ஃப்ளோரைடு பூச்சும் இட்டால், பல் மீண்டும் உறுதிபெற வாய்ப்பு உண்டு. கோடு மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறி, அந்த இடம் சொரசொரப்பாகவோ குழிந்தோ இருந்தால், அடுத்த நிலைக்குப் போய்விட்டது என்று பொருள். அப்போது ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம். சிறு குழந்தைகளுக்கு, குடையாமலேயே சொத்தையை நிறுத்தும் வெள்ளி கலந்த ஃப்ளோரைடு மருந்தும் இப்போது பயன்படுகிறது. சொத்தைப் பகுதியை அது நிரந்தரமாகக் கருப்பாக்கிவிடும் என்பதை முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு சம்மதியுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது, அதற்கு முந்தைய மூன்று நாட்களில் குழந்தை உண்டதையும் குடித்ததையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அளவை எழுதாவிட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொன்றுக்கும் நேரம் எழுதுங்கள். வாயில் வைத்த ஒரு துண்டு பிஸ்கட், நடு இரவில் கொடுத்த பாட்டில், பக்கத்து வீட்டில் கொடுத்த மிட்டாய் எதையும் விட்டுவிடாதீர்கள். குழந்தையைப் பகலில் வேறொருவர் பார்த்துக்கொண்டால், அவரையும் எழுதச் சொல்லுங்கள். எந்த ஒன்றை முதலில் மாற்றலாம் என்பதை அந்தத் தாளைப் பார்த்து மருத்துவரும் நீங்களும் சேர்ந்தே முடிவு செய்துகொள்ளலாம்.